ஒரு துளை மேற்கே

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பதினொரு மாதம் கழித்து எழுதுகிறாளே, ஏதாவது கேட்கத்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். சரிதான். ஆனால் உதவி கேட்கவில்லை. விவரம் கேட்கிறேன். கீழே ஊருக்கு இறங்கினால்தான் ஃபோன் எடுக்கும். எடுத்தாலும் நாம் இருவரும் ஃபோனில் பேசினால் என்ன ஆகும் என்பது அண்ணனுக்குக்கூடத் தெரியும். கடிதத்தில் சண்டை போட்டால் இரண்டு நாளாவது தள்ளிப் போகும்.

நான் வேலை செய்யும் மருத்துவ நிலையம் மலையில் இருக்கிறது. ஒரே அறை, முன்னால் காத்திருக்க ஒரு கூடம், ஒரு நர்ஸ், ஒரு அட்டெண்டர். கூரையில் ஒரு சோலார் பேனல் உண்டு. தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ் அதில்தான் ஓடுகிறது, ஓட வேண்டும். பொருத்தியவர்கள் பேனலை உச்சி வெயிலைப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்கள். இங்கே உச்சி வெயில் என்று ஒன்று கிடையாது. பதினொன்றரைக்கு மூடுபனி ஏறி, இரண்டரைக்குத்தான் விலகும். நல்ல வெயில் காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே. அந்த இரண்டு வேளையும் பேனல் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கிறது. பேட்டரி நிறைவதே இல்லை.

மேற்பார்வையாளர் ஏப்ரல் இருபது வரை தவணை கொடுத்திருக்கிறார். தொடர்ந்து முப்பது நாள் ஃபிரிட்ஜின் வெப்பம் இரண்டு டிகிரிக்குக் குறையாமலும் எட்டைத் தாண்டாமலும் இருந்ததாக ரெஜிஸ்டர் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஃபிரிட்ஜைக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். இப்போதே தடுப்பூசிகள் கீழேதான் இருக்கின்றன. என் ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களும் ஒரு வெப்பமானியும் மட்டும். கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் வண்டியில் இறங்கி, ஊசி போட்டு, அழுகிற குழந்தையோடு திரும்பி ஏற வேண்டும். சென்ற மாதம் ஆறு பேரில் இரண்டு பேர் போகவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நானே பேனலைத் திருப்பலாமே என்பீர்கள். பாதி நாள் நான் வீடு வீடாகப் போகிறேன். அதனால் தானாகத் திரும்பும் பேனல் வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எழுதினால் போதும். செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 8

நாத்தனாருக்கு,

எனக்கு வந்த கடிதத்தை உன் அண்ணன் எனக்கு முன்னால் படித்துவிட்டார். "திட்டலையே, திட்டலையே" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். திட்டுவதற்கு இடம் போதவில்லை என்று நான் சொன்னேன்.

மலைக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, மூன்று மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாய் என்று சொன்னது நான்தான். பதினொரு மாதம் இருந்துவிட்டாய். கணக்கில் நீ ஜெயித்தாய், போதுமா? எனக்கு எதையும் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது என்று நீ சொன்னதை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை. அன்று நான் பிரித்துப் போட்டிருந்த அந்த வாஷிங் மெஷினை மறுநாளே பழுது பார்த்து மூடிவிட்டேன். பார்க்கத்தான் நீ இல்லை.

வேலைக்கு வருவோம். என் ரிப்பேர் கடையில் பழைய டிஷ் ஆன்டெனாவைத் திருப்பும் தண்டு மோட்டார் ஒன்று கிடக்கிறது. நீளும், சுருங்கும். பேனலை நடுவில் ஒரு இரும்புக் குழாயில் தூளி மாதிரி ஆடவிட்டு, ஒரு ஓரத்தில் இந்தத் தண்டை ஒரு இரும்புப் பின் போட்டு மாட்டினால், அது நீளும்போது பேனல் கிழக்கே சாயும், சுருங்கும்போது மேற்கே.

மூளைக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர். உன் உள்ளங்கையில் பாதி அளவு பலகை. கண்ணுக்கு வெளிச்சம் உணரும் சென்சார் இரண்டு. பேனலின் மேல் விளிம்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவே ஒரு குட்டிச் சுவர் எழுப்ப வேண்டும். சூரியன் நேராக இருந்தால் இரண்டிலும் ஒரே வெளிச்சம். நகர்ந்துவிட்டால் சுவரின் நிழல் ஒன்றின் மேல் விழும். எது பளிச்சென்று இருக்கிறதோ அந்தப் பக்கம் மோட்டார் திருப்பும். இருட்டிவிட்டால் மறுநாளுக்காகக் கிழக்கே திரும்பி நிற்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உன் அண்ணனைவிடப் பரவாயில்லை.

நிரலை ஏற்றி, மேஜையில் சோதித்து, வியாழன் வண்டியில் அனுப்புகிறேன். சென்சார் நனையக் கூடாது. கண்ணாடி மூடி ஏதாவது போடு.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

பார்சல் வந்தது. ஒயர்களுக்கு நீங்கள் ஒட்டிய சீட்டுகளையும் படித்தேன். "இது சிவப்பு. சிவப்பு என்றால் சிவப்புதான்" என்பதுவரை. நான் தினமும் நரம்பு தேடி ஊசி போடுகிறவள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்.

பேனலைக் கூரையிலிருந்து வாசலுக்கு இறக்கிவிட்டோம்; இரும்புக் குழாய்க்கு, மலைப்பாதையின் கீழ்வளைவில் இருக்கும் தச்சர் தாங்கு கட்டை செய்து கொடுத்தார். "நர்ஸம்மா, இது ஊஞ்சலா?" என்றார். சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்றேன். "திரும்பி?" என்றார். குழாயின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன்.

பொருத்தி முடித்து ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் உறுமியது. பேனல் கிழக்கே சாய்ந்தது. அட்டெண்டர் அக்கா கை தட்டினார். பத்து மணிக்குக் கிழக்கே பார்த்தது. பதினொன்றுக்கும் கிழக்கே. மாலை நான்கு மணிக்கு, சூரியன் மேற்கு மலையைத் தொடப் போகும் நேரத்தில், அது இன்னும் கிழக்கே முட்டிக்கொண்டு நின்றது. கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த ஆள் மாதிரி.

நிரலில் ஏதோ தவறு இருக்கிறது. பாருங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 23

நிரலில் தவறு இல்லை. மேஜை விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உன் அண்ணன் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார், சென்சார் நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே திரும்பியது. நாற்பது சுற்று. அவருக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

இரண்டு சென்சாரின் ஒயரையும் மாற்றிக் கொடுத்திருப்பாய். அல்லது ஒன்றின் மேல் ஏதோ மறைக்கிறது. சென்சாரைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுது. உனக்கு அற்பமாகத் தோன்றுவதையும் எழுது. நோயாளி உன்னிடம் "வேற ஒண்ணும் சாப்பிடல" என்று சொல்வான் இல்லையா, அந்த மாதிரி எழுதாதே.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

ஒயர் சரியாகத்தான் இருந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

கண்ணாடி மூடி போடச் சொன்னீர்கள். காலியான மருந்துக் குப்பிகள் இரண்டைக் கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்துக் கவிழ்த்தேன். ஒன்று கைதவறி உடைந்தது. அதற்குப் பதில் வேறொன்று எடுத்தேன். நீங்கள் கேட்டபடி ஒன்று விடாமல் எழுத உட்கார்ந்தேன். "கிழக்கு சென்சாருக்கு வெள்ளைக் குப்பி, மேற்கு சென்சாருக்குப் பழுப்புக் குப்பி" என்று எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடி வைத்தேன்.

வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் மருந்துகளுக்காகவே செய்கிற குப்பி அது. நர்ஸிங் முதல் ஆண்டுப் பரீட்சையில் நான் எழுதிப் பாஸ் செய்த பதில்.

இப்போது இரண்டும் வெள்ளை. இன்று காலையிலிருந்து சூரியனோடு நகர்கிறது. ரெஜிஸ்டரில் முதல் நாள் என்று எழுதிவிட்டேன். ஐந்து டிகிரி.

இதை அண்ணனிடம் படித்துக்காட்ட வேண்டாம்.

நாத்தனார்


மார்ச் 12

அண்ணிக்கு,

பன்னிரண்டாம் நாளில் முப்பது நாள் கணக்கு உடைந்துவிட்டது.

அன்று மூடுபனி வழக்கத்தைவிட அடர்த்தியாக ஏறியது. நான் மேல் சரிவில் ஒரு வயதானவருக்குப் புண் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றரைக்குத் திரும்பி வந்தபோது நல்ல வெயில். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்து கிடக்கிறது. பேனல் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. சூரியன் அதன் முதுகில் அடிக்கிறது. அது சுவரைப் பார்த்துத் தியானம் செய்கிறது.

மறுநாளும் அப்படியே. யோசித்துப் பார்த்ததில் எனக்கே விளங்கிவிட்டது. மூடுபனி இருட்டியதும் ராத்திரி ஆகிவிட்டது என்று நினைத்துக் கிழக்கே திரும்பிவிடுகிறது. பனி விலகும்போது இரண்டு சென்சாரும் பேனலின் நிழலில் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே வெளிச்சம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நின்றுவிடுகிறது. இதற்கு முன் பனி மெல்லியதாக இருந்ததால் தப்பித்திருக்கிறோம்.

ஒன்பது புள்ளி நான்கு டிகிரி. அதை ரெஜிஸ்டரில் எழுதப் போனேன். அட்டெண்டர் அக்கா சொன்னார்: "எட்டுன்னு எழுதேன்மா, தண்ணி பாட்டில்தானே, அது போய் சொல்லவா போகுது?" எட்டு என்று எழுதவில்லை. ஆனால் ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் கடிதத்தில் மூடுபனி பற்றித்தான் ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தேன். உங்கள் மேஜை விளக்குக்கு மூடுபனி கிடையாதா?

இன்னும் முப்பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. எண்ணிக்கையை இந்த மாதம் இருபத்திரண்டுக்குள் திரும்பத் தொடங்காவிட்டால் முடிந்தது.


மார்ச் 16

கையெழுத்துப் போடாமல் கடிதம் அனுப்பியிருக்கிறாய். உன் கோபம் புரிந்தது.

தவறு என்னுடையது. இந்த வாக்கியத்தை நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு எழுதுவது முதல் தடவை. உன் அண்ணன் இதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறார்.

மூடுபனி என்று நீ எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டு, பேனல் ஏன் கிழக்கேயும் மேற்கேயும் திரும்ப வேண்டும் என்பதற்கு மட்டும் அதை எடுத்துக்கொண்டேன். நடுப்பகலில் இருட்டும் என்பது என் தலையில் ஏறவே இல்லை. இங்கே இருட்டினால் ராத்திரி. கடையில் விளக்கை அணைத்தால் ராத்திரி. இருட்டு என்றால் ஒரே அர்த்தம்தான் என்று எழுதிவிட்டேன்.

நிரலை மாற்றி ஒரு புது சிப்பில் எழுதுகிறேன். இருட்டியதும் உடனே திரும்பாமல் மூன்று மணி நேரம் பொறுத்துப் பார்க்கும். ஆனால் இந்தத் தடவை நானே ஒரு வாரம் சோதிக்காமல் அனுப்ப மாட்டேன். நீ அதுவரை காத்திருக்க முடியாது. அதனால் இப்படிச் செய்.

மோட்டார்த் தண்டை மாட்டியிருக்கும் இரும்புப் பின்னைக் கழற்றிவிடு. தச்சரிடம் சொல்லி ஒரு வளைந்த பலகையில் ஐந்து துளை போடச் சொல். காலையிலிருந்து மாலைக்கு ஐந்து நிலை. ஒரு கம்பியைத் துளையில் செருகினால் பேனல் அங்கேயே நிற்கும். பேனல் சட்டத்தில் ஒரு ஆணியைச் செங்குத்தாக அடி. ஆணிக்கு நிழலே இல்லையென்றால் பேனல் சூரியனை நேராகப் பார்க்கிறது. நிழல் விழுந்தால் ஒரு துளை மேற்கே தள்ள வேண்டும்.

யார் தள்ளுவது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. மைக்ரோகன்ட்ரோலருக்குப் பதில் ஆணி அனுப்புகிற மெக்கானிக் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு,

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. மறுபடியும் அதே பன்னிரண்டு. இந்தத் தடவை தாண்டிவிடுவோம் போலிருக்கிறது. நேற்று நாலரை டிகிரி.

யார் தள்ளுவது என்ற கேள்விக்குப் பதில் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. தினமும் பதினைந்து இருபது பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். நான் வெளியே போயிருந்தாலும் காத்திருக்கிறார்கள். டோக்கன் வாங்குகிறவர் முதலில் ஆணியைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று அட்டெண்டர் அக்கா சட்டம் போட்டுவிட்டார்.

முதல் இரண்டு நாள் கிண்டல். மூன்றாம் நாளிலிருந்து தகராறு. இன்று காலை ஜன்னல் வழியாகக் கேட்டது:

"நிழல் விழுந்திருக்கு, ஒரு துளை தள்ளுங்க."

"அது நிழல் இல்ல, துரு."

"துரு நகருமா?"

"உங்க டோக்கன் ஏழு. நான் ஆறு. ஆறு சொல்றதுதான்."

"ஆறாம் நம்பர், நீங்க கண்ணுல புரைன்னுதானே வந்திருக்கீங்க."

இரட்டைக் குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். ஜனவரியில் கீழே இறங்க முடியாமல் போனவர்களில் ஒருத்தி. அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் தினமும் மூன்று மணிக்கு வந்து, பனி விலகுகிறதா என்று பார்த்து, கடைசித் துளைக்குத் தள்ளிவிட்டுப் போகிறாள். டோக்கன் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் புத்தகத்தோடு வெளியில் உட்கார்ந்து தள்ளுகிறேன். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு துளை.

இன்றைய வண்டியில் புது சிப் வந்தது. ஒரு வாரம் சோதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். போர்வையைப் போட்டு மூடிச் சோதித்தீர்களாமே. படித்து நிறையச் சிரித்தேன்.

அண்ணி, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சிப்பைப் பொருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பொருத்தாமல் இருந்தால் நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்களோ என்று இருக்கிறது. சொல்லுங்கள், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 3

பொருத்தாதே.

ஓடுகிற வண்டியில் சக்கரம் மாற்றச் சொல்கிறவள் மெக்கானிக் இல்லை. சிப்பைப் பெட்டியிலேயே வை. முப்பது முடியட்டும். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சற்றுக் குறைந்தது. நீ கேட்டதால் சரியாகிவிட்டது.

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணிக்கு,

பதினேழாம் தேதியோடு முப்பது நாள் முடிந்தது. அதிகபட்சம் ஆறு புள்ளி எட்டு. நேற்று மேற்பார்வையாளர் வந்தார்.

ரெஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒன்பது புள்ளி நான்கு என்ற இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். பிறகு வெளியே வந்தார். தவணை கேட்ட என் விண்ணப்பத்தில் "தானாகச் சூரியனைப் பின்தொடரும் பேனல்" என்று எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதே நேரம் தச்சர் எழுந்து, கண்ணைச் சுருக்கி ஆணியைப் பார்த்து, கம்பியைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகினார்.

"இதுதான் தானா திரும்புற பேனலா?" என்றார் மேற்பார்வையாளர்.

அட்டெண்டர் அக்காதான் பேசினார். "மெஷின் பெட்டிக்குள்ள இருக்கு சார். முப்பது நாள் முடியட்டும்னு அவங்க அண்ணி சொல்லிட்டாங்க."

"யாரு அண்ணி?"

"அதுதான் சார் இதையெல்லாம் செஞ்ச மெக்கானிக்."

அவர் ஆணியைத் தொட்டுப் பார்த்தார். துளைகளை எண்ணினார். வரிசையில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராக, "நீங்க திருப்பினீங்களா? நீங்களும்?" என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாரும் குற்றவாளி மாதிரி தலையாட்டினார்கள். நான் ஃபிரிட்ஜை மனதுக்குள் வண்டியில் ஏற்றி அனுப்பியே விட்டேன்.

உள்ளே வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "ரெஜிஸ்டர்ல டிகிரிதான் கேட்டிருக்கு. யார் திருப்பினாங்கன்னு எழுத இடமே இல்ல" என்றார். கையெழுத்துப் போட்டார்.

ஃபிரிட்ஜ் இங்கேயே இருக்கிறது, அண்ணி. வியாழக்கிழமை வண்டியில் தடுப்பூசிகள் வருகின்றன. இரட்டைக் குழந்தைகளுக்குத்தான் முதல் இரண்டு டோக்கன். இதை எழுதும்போது கூடத்தில் யாரும் இல்லை, அதனால் கொஞ்சம் அழுதுவிட்டு எழுதுகிறேன். சந்தோஷத்தில்தான்.

நாத்தனார்


மே 8

அண்ணிக்கு,

சிப்பைப் பொருத்திப் பதினைந்து நாள் ஆகிறது. அழகாக வேலை செய்கிறது. மூடுபனியில் பொறுமையாக நிற்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் பனி நின்ற இரண்டு நாள் மட்டும் ஏமாந்துபோய்க் கிழக்கே திரும்பிவிட்டது. பேட்டரி தாங்கிக்கொண்டது. அது பெரிய பிரச்சினை இல்லை.

பிரச்சினை வேறு. இவர்கள் நிறுத்த மாட்டேன் என்கிறார்கள்.

துளைப் பலகையைக் கழற்றிவிட்டேன். இப்போது தோளைக் கொடுத்துப் பேனலைத் தள்ளுகிறார்கள். மோட்டார்த் தண்டு வளைந்துவிடும் போலிருக்கிறது. "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டினேன். அதன் மேல் சாய்ந்துகொண்டு தள்ளுகிறார்கள். தச்சரிடம் விளக்கிச் சொன்னேன். "மெஷின் வேலை செய்யுது, சரி. அப்போ நாங்க சும்மா உட்கார்ந்திருக்கணுமா?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே மனம் வாடிவிட்டது. கூடத்தில் பேச்சும் குறைந்துவிட்டது. ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எதோடும் இணைக்காமல் ஒரு கைப்பிடி செய்து அனுப்ப முடியுமா? சும்மா சுற்றிக்கொள்ளட்டும்.

நாத்தனார்


மே 14

நாத்தனாருக்கு,

சும்மா சுற்றுகிற கைப்பிடி செய்ய எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். முடிந்த மாதிரி ஒன்றை மாட்டி ஏமாற்றுகிற வேலை இந்தக் கடையில் இல்லை. முப்பது நாள் அந்த ஃபிரிட்ஜைக் காப்பாற்றியவர்களுக்குப் பொம்மையா கொடுப்பது?

கயிறு ஒன்று செய்திருக்கிறேன். நுனியில் ஒரு ஸ்விட்ச். இழுத்தால், பேனல் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திரும்பிப் பார்த்து, எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே வந்து நிற்கும். நீண்ட பனி விலகிய நாளில் அது ஏமாந்து நிற்கிறது என்றாயே, அதற்கு மருந்து இதுதான். மூன்று மணி நேரமா, நான்கு மணி நேரமா என்று நான் எத்தனை தடவை மாற்றி எழுதினாலும், பனி எப்போது விலகும் என்று என் சிப்புக்குத் தெரியாது. உன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிகிறது. அவர்கள் சொல்லட்டும், அது கேட்கட்டும்.

ஒரே நாளில் இருபது பேர் இழுத்தால் தாங்குமா என்று சோதிக்க, உன் அண்ணனும் நானும் மாறி மாறி இழுத்தோம். பதினான்காவது தடவை அறுந்தது. அவர் இழுத்தபோதுதான். கெட்டிக் கயிறாக மாற்றிவிட்டேன்.

இதைப் பார்சலில் அனுப்பவில்லை. வியாழன் வண்டியில் நானே கொண்டுவருகிறேன். கடைக்கு நான்கு நாள் பூட்டு. உன் அண்ணனும் வருகிறாராம், ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டார். எனக்கு அந்த மலை வளைவுகளில் தலை சுற்றும். வந்ததும் நீ என்னைப் பார்க்க வேண்டியிருக்கும். வரிசையில்தான் வருவேன், ஒரு டோக்கன் எடுத்து வை.

அண்ணி